விளையாட்டு நிலவும் மெய் நிலவும்

நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் கல்முனைக் கரையோரத்து ஊர்களில் ஒரு காட்சியைக் காணலாம். மஃரிப் தொழுகை முடிந்ததும் சிறுவரும் முதியவரும் கடலுக்கு முதுகு காட்டி நிற்பர். நாள்தோறும் கிழக்குக் கடலைப் பார்த்தே பழகிய கண்கள் அவ்வேளையில் மேற்கே திரும்பி, வயல்வெளிகளுக்கு அப்பால், அந்தி மறைந்துகொண்டிருக்கும் அடிவானத்தில் தலைப்பிறையைத் தேடும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும்வரை ஊர் உறங்காது. நாளைக்குப் பெருநாளா, இன்னுமொரு நோன்பா என்பதை ஒரு கீற்று நிலவே தீர்மானிக்கின்றது.

அதே ஊர்களில், அதே இரவில், இன்னொரு நிலவும் உண்டு. அது கணினித் திரையில் தோன்றும் நிலவு. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் மேசையில் அமர்ந்து, தானே பூட்டிச் சேர்த்த றொக்கெற்றை ஏவி, அந்நிலவில் இறக்க முயல்கின்றான். இறங்குகலம் நொறுங்குகின்றது. மறுபடியும் ஏவுகின்றான். வீட்டில் உள்ள பெரியவர்கள் இதைக் கண்டு, “படிக்கிற பிள்ளை விளையாடிக் கெடுகின்றது” என்று வருந்துகின்றனர். மாணவனோ, “இதுவும் படிப்புத்தான்” என்கின்றான்.

இவ்விரு கூற்றுகளில் எது சரி? விண்வெளியில் தீராத ஆர்வம் கொண்டோர் கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்களே. ஆகையால், மாணவன் பக்கம் சாய்வது நமக்கு எளிது. ஆனால் சாய்வு வேறு, தீர்ப்பு வேறு. விண்பயண விளையாட்டின் வரலாற்றையும் மெய்யான விண்பயணத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபின்னரே தீர்ப்புக் கூறுதல் முறையாகும்.

பொருளும் போலியும்

வானத்தைக் கையில் அடங்கும் பொருளாக்கிக் கற்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. இஸ்லாமிய நாகரிகத்தின் அறிஞர்கள் அஸ்தர்லாப் என்னும் பித்தளைத் தட்டைச் செம்மைப்படுத்தினர். அதைச் சுழற்றினால் விண்மீன்கள் எப்போது உதிக்கும், எப்போது மறையும் என்பதை அறியலாம். அது வானமன்று, வானத்தின் போலி. ஆயினும் அந்தப் போலியைக் கொண்டே மெய் வானத்தை அளந்தனர். அல்பிரூனி போன்ற பேரறிஞர்கள் அதைப்பற்றி நூல்கள் எழுதினர். இன்றும் உலகம் வழங்கும் அல்தெபரான், ரைஜல், வேகா, தெனெப் முதலிய விண்மீன் பெயர்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே, போலியைக் கொண்டு மெய்யைக் கற்பது இழிவான செயலன்று. அது விஞ்ஞானத்தின் பழைய வழிகளுள் ஒன்று.

விண்பயணத்தின் முதற் கணக்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் மேசையிலேதான் பிறந்தது. ரஷ்யாவின் கலூகா நகரில் கணிதம் கற்பித்த கொன்ஸ்தந்தீன் சியல்கோவ்ஸ்கி சிறுவயதிலேயே செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். அவரிடம் பெரிய ஆய்வுகூடமும் இல்லை, பெரிய பொருளுதவியும் இல்லை. 1903இல் அவர் வெளியிட்ட கட்டுரை, றொக்கெற்றின் வேகத்துக்கும் அது சுமக்கும் எரிபொருளுக்கும் உள்ள உறவை ஒரு சமன்பாட்டில் அடக்கியது. இன்று ஏவப்படும் ஒவ்வொரு றொக்கெற்றும் அந்தச் சமன்பாட்டுக்கு அடங்கியே எழுகின்றது. ஆசிரியத் தொழிலைச் சிறுமையாகக் கருதுவோர் இதைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும்.

1957 ஒக்டோபர் 4இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் பூமியை வலம் வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் இலங்கைக்கும் வந்தார். தச்சுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, வார்ப்புத் தொழில் பயின்ற இளைஞன் ஒருவன் விண்ணைத் தொட்டு மீண்டான் என்னும் செய்தி, உழைக்கும் மக்கள் வாழும் ஊர்களிலெல்லாம் என்ன உணர்வை எழுப்பியிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அவர் பேராதனைப் பூங்காவில் ஒரு மரத்தையும் நட்டுச் சென்றார். மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானதும் அதே 1961ஆம் ஆண்டில்தான். ஆக, நம் மாவட்டத்துக்கும் மனித விண்பயணத்துக்கும் வயது ஒன்றே.

முதல் விளையாட்டுகள்

ககாரின் பறந்த மறு ஆண்டில், அதாவது 1962இல், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் கணினி விளையாட்டை ஆக்கினர். திரையின் நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் இரு கலங்கள் வளைந்து செல்லும். ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும். அவர்கள் பயன்படுத்திய கணினியின் விலை ஒரு லட்சத்து இருபதினாயிரம் டொலர் அளவினது. இவ்விளையாட்டில் இரண்டு உண்மைகள் ஒருங்கே உறைகின்றன. ஈர்ப்பு விசையை மனிதன் கண்ணால் பார்த்து, விரலால் உணரும்படி செய்தது முதல் உண்மை. விண்வெளியென்றதும் போரையே நினைத்த ஒரு காலத்தின் மனநிலையை அது காட்டிவிட்டது இரண்டாவது உண்மை. கெடுபிடிப் போர் ஆய்வுகூடத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை, விளையாட்டுக்குள்ளும் புகுந்துகொண்டது.

1969 ஜூலை 20இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது. அன்று இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. அது 1979இல்தான் வந்தது. ஆகையால் நம் பெற்றோர் தலைமுறையினர் நிலவில் மனிதன் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களல்லர். வானொலியிலும் பத்திரிகையிலும் அறிந்தவர்கள். அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே ஜிம் ஸ்டோரர் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவர், நிலவில் இறங்கும் விளையாட்டு ஒன்றை எழுதினார். அதில் படமே கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு கருவி உயரத்தையும் வேகத்தையும் எஞ்சிய எரிபொருளையும் தாளில் அச்சிடும். பத்துச் செக்கனுக்கு ஒருமுறை எவ்வளவு எரிபொருளை எரிப்பது என்று விளையாடுபவர் எண்ணால் விடைகூற வேண்டும். கூட்டினால் எரிபொருள் தீரும். குறைத்தால் கலம் மோதும். ஒரு பள்ளி மாணவனின் பயிற்சிக் கணக்கு, பின்வந்த எத்தனையோ விளையாட்டுகளுக்கு வித்தாயிற்று.

அதே 1969இல், பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கென் தொம்ப்சன் ‘ஸ்பேஸ் ட்ராவல்’ என்னும் விளையாட்டை எழுதினார். சூரிய குடும்பத்தில் கலமோட்டும் விளையாட்டு அது. பெரிய கணினியில் அதை ஒருமுறை ஆடுவதற்கு 50 முதல் 75 டொலர்வரை செலவாயிற்று. ஆகவே, ஒரு மூலையில் கிடந்த சிறிய கணினிக்கு அதை மாற்ற முயன்றார். அம்முயற்சியில் அவர் ஆக்கிய கருவிகளும் அக்கணினியில் பெற்ற பழக்கமும் யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் பிறக்க வழி செய்தன. இன்று உலகின் கணினிகளுள்ளும் கைத்தொலைபேசிகளுள்ளும் பெரும்பகுதி அதன் வழிவந்த தளங்களிலேயே இயங்குகின்றது. விளையாட்டு வீண் என்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயன் தந்தது விளையாடியமை அன்று, விளையாட்டை ஆக்கியமை.

திரை கற்பிப்பது

இக்காலத்து மாணவர் விரும்பும் விண்பயண விளையாட்டுகளுள் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ முதன்மையானது. மெக்சிக்கோவில் பணியாற்றிய பிரேசில் நாட்டவரான ஃபெலிப்பே ஃபலாங்கே அதன் கருத்தாளர். 2011இல் முதல் வடிவம் வெளிவந்தது. 2015இல் நிறைவு பெற்றது. மூன்றாம் உலக நாடொன்றில் பிறந்த அவ்விளையாட்டை அமெரிக்க, ஐரோப்பிய விண்வெளி நிறுவனங்களே பாராட்டி, அதனோடு கூட்டுச் சேர்ந்தன.

அது கற்பிக்கும் பாடங்கள் அற்பமானவையல்ல. நேர்மேலே எழுந்த றொக்கெற் நேர்கீழே விழும் என்பதை மாணவன் முதல் நாளிலேயே அறிகின்றான். பூமியை வலம் வருதல் என்பது உயரத்தை எட்டுதலன்று. பக்கவாட்டில் மிகுந்த வேகத்தைப் பெறுதலாகும். செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேகம் பெற்ற கலம் விழுந்துகொண்டேயிருக்கின்றது. ஆனால் பூமியும் வளைந்துகொண்டே செல்வதால் அது தரையை எட்டுவதில்லை. பௌதிகவியல் நூலில் ஒரு பக்கமாகக் கிடக்கும் இவ்வுண்மையைக் கையால் உணரும்போது மாணவன் அதை மறப்பதில்லை.

இன்னொரு பாடம் இதைவிட வியப்பானது. முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், நம் கலம் உயர்ந்த பாதைக்கு ஏறிப் பின்தங்கிவிடும். எட்டிப் பிடிக்கவேண்டுமாயின் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழவேண்டும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தைச் செலுத்திய மக்டிவிற் தேர்ந்த விமானி. தன் றொக்கெற்றின் கழன்ற பகுதியை நெருங்க அவர் நேரே அதை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார், நெருங்க முடியவில்லை, எரிபொருள்தான் வீணாயிற்று. அப்பெரும் விமானி தடுமாறிய இடத்தை இன்று நம் ஊர்ச் சிறுவன் ஒரு மாலைப்பொழுதில் கடந்துவிடுகின்றான். இதை மறுப்பது நேர்மையாகாது.

திரை மறைப்பது

ஆயினும், விளையாட்டு எதைக் கற்பிக்கின்றது என்பதோடு எதை மறைக்கின்றது என்பதையும் கேட்க வேண்டும்.

முதலாவதாக, அளவு. அவ்விளையாட்டின் பூமிக்கு ஆரை 600 கிலோமீற்றர். மெய்ப்பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். ஆகவே அங்கு செக்கனுக்கு 2.3 கிலோமீற்றர் வேகம் பெற்றாலே வலம் வந்துவிடலாம். விளையாடுபவர் சலிப்படையாதிருக்க உலகத்தையே பத்தில் ஒன்றாகச் சுருக்கினர். ஆனால் சியல்கோவ்ஸ்கியின் சமன்பாடு மெய்யுலகில் இரக்கமற்றது. நிலவுக்குச் சென்ற சற்றேன் 5 றொக்கெற் தரையைவிட்டு எழுந்தபோது ஏறத்தாழ 2,900 தொன். மூன்று மனிதரோடு கடலில் வந்து விழுந்த பகுதி ஏறத்தாழ ஐந்து தொன். இடையிலுள்ளதெல்லாம் எரிந்தது, கழன்றது, கைவிடப்பட்டது.

இரண்டாவதாக, உழைப்பு. திரையில் ஒரு சொடுக்கில் இயந்திரம் பொருந்துகின்றது. அப்பல்லோத் திட்டத்திலோ ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் உழைத்தனர். அவர்களுள் ஒரு சாராரை மருதமுனை வாசகர் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். அக்கலத்தின் கணினியிலிருந்த நிலையான நினைவகம், அச்சிடப்பட்டதன்று, நெய்யப்பட்டது. சிறு காந்த வளையங்களின் ஊடாகச் செப்புக் கம்பியை நுழைத்தால் அது ஒன்று. வளையத்துக்கு வெளியே கொண்டுசென்றால் அது பூச்சியம். மசாசூசெற்ஸ் மாநிலத் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள், அவர்களுட் பலர் நெசவாலைகளில் பழகியவர்கள், ஊசி கொண்டு அந்த எண்களை நெய்தனர். ஓர் இழை தவறினால் கணக்குத் தவறும். நிலவுக்கு வழி காட்டிய நிரல், கைத்தறிக்கு அண்ணன் தம்பி முறையான ஒரு தொழிலால் ஆனது. மருதமுனையின் நெசவாளி தன் தறியில் ஒவ்வோர் இழையாக எண்ணிச் சேர்க்கும் கவனம் எதுவோ, அதே கவனம்தான் அங்கும் தேவைப்பட்டது. நிலவில் பதிந்த காலடி ஒருவருடையது; அதைக் கொண்டுசேர்த்த கைகள் எண்ணற்றவை. விளையாட்டில் அக்கைகள் தெரிவதில்லை.

விளையாட்டை ஆக்கும் கைகளும் தெரிவதில்லை. கெர்பல் விளையாட்டு 2017இல் பெரிய அமெரிக்க நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. அதன் இரண்டாம் பாகம் நிறைவுறுமுன்னரே 2023இல் விற்பனைக்கு வந்தது. 2024இல் அதை ஆக்கிய கூடத்தின் ஊழியர்கள் வேலையிழந்தனர். விளையாட்டு அரைகுறையாக நின்றுவிட்டது. விண்வெளியைக் கனவு காணச் சொல்லும் சந்தை, அக்கனவை ஆக்கியவரின் வயிற்றைப் பற்றிக் கவலைகொள்வதில்லை.

மூன்றாவதாக, மரணம். திரையில் கலம் வெடித்தால் ‘மீளத் தொடங்கு’ என்னும் பொத்தான் உண்டு. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1இன் மூவர் தரையிலேயே தீயில் மாண்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் சோவியத் வீரர் விளாதிமிர் கொமரோவ், வான்குடை விரியாமல் தரையில் மோதி இறந்தார். 1986 ஜனவரி 28இல் சலெஞ்சர் சிதறி எழுவர் மடிந்தனர். அதற்கு முந்திய இரவில், குளிரில் இறப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவவேண்டாம் என்று பொறியியலாளர் மன்றாடினர். மேலாளர்கள் அவர்கள் சொல்லைத் தள்ளிவிட்டனர். 2003இல் கொலம்பியாவோடு இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லாவும் மறைந்தார். விளையாட்டில் பொறியியலாளனும் நாமே, மேலாளனும் நாமே. ஆகையால் அங்கு எவரும் எவருடைய வாயையும் அடைப்பதில்லை. மெய்யான விண்பயணத்தில் உண்மையைச் சொல்பவனுக்கு அதிகாரம் இருந்ததா என்பதே உயிரையும் மரணத்தையும் பிரித்தது.

ஒத்திகையின் பொருள்

அப்படியானால் விளையாட்டை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கலாகாது. ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும்.

அப்பல்லோ 11 புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், 1969 ஜூலை 5இல், ஹூஸ்டன் கட்டுப்பாட்டுக் கூடத்தில் போலிக் கலத்தைக்கொண்டு ஓர் ஒத்திகை நடந்தது. பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே கணினியில் ஓர் எச்சரிக்கை எண்ணைத் தோற்றுவித்தனர். அதன் பொருள் அறியாத கட்டுப்பாட்டாளர், இறங்குவதைக் கைவிடுமாறு கூறினார். ஒத்திகை முடிந்ததும் பயிற்சியாளர், “கைவிட்டது தவறு, இறங்கியிருக்கலாம்” என்றார். அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. வரக்கூடிய எச்சரிக்கை எண்களையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியதை எழுதி வைத்தனர். ஜூலை 20இல் மெய்யாகவே நிலவை நெருங்கும்போது அத்தகைய எண் ஒளிர்ந்தது. பட்டியலை வைத்திருந்த இளைஞர் அஞ்சவில்லை, இறங்கலாம் என்றார். மனிதன் நிலவில் இறங்கினான்.

போலிக் கலத்தில் ஆடியது விளையாட்டுத்தான். ஆனால் தோற்றபின் ‘மீளத் தொடங்கு’ பொத்தானை அமுக்கி அதை மறக்கவில்லை. ஏன் தோற்றோம் என்று எழுதினர். விளையாட்டுக்கும் ஒத்திகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தோல்விக்குக் காரணம் கேட்கும் விளையாட்டு அறிவாகின்றது. கேளாத விளையாட்டு பொழுதுபோக்காகின்றது.

அண்டை நாட்டின் வரலாறும் இதையே கூறுகின்றது. நம் கடலின் மறுகரையில், இராமேசுவரத்தில், தோணி வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1931இல் பிறந்தவர் அப்துல் கலாம். 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவில் முதல் ஆய்வு றொக்கெற் எழுந்தது. அதற்காக அங்கு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் தம் கரையை விட்டுக்கொடுத்தன. மரிய மக்தலேனாள் தேவாலயம் ஆய்வாளரின் பணியிடமாயிற்று. விண்வெளி வரலாற்றில் இம்மீனவரின் பங்கும் எழுதப்படவேண்டியதே. 1979 ஓகஸ்ட் 10இல் கலாமின் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி. 3 வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஏவுமுன் கணினி நிறுத்தச் சொன்னதையும், தாம் அதை மீறி ஏவப் பணித்ததையும் கலாமே பின்னாளில் பலமுறை மறைக்காமல் கூறியிருக்கின்றார். அன்று பத்திரிகையாளர்முன் பொறுப்பை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18இல் வெற்றி வந்தபோதோ அவர் விலகி நின்று கலாமைப் பேசச் சொன்னார். அதுபோலவே, 2019 செப்ரெம்பரில் சந்திரயான் 2இன் இறங்குகலம் நொறுங்கியது. இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுந்த உந்துதல் தந்தமை, திரும்பும் வேகத்துக்கு விதித்திருந்த எல்லை, இறங்குமிடத்தின் குறுகிய பரப்பு எனத் தோல்வியின் காரணங்களைப் பிரித்து ஆராய்ந்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருக்க, 2023 ஓகஸ்ட் 23இல் சந்திரயான் 3 நிலவின் தென்முனைக்கு அருகே மெதுவாக இறங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு இடையில் நடந்தது மாயமன்று. தோல்வியை எழுதிப் படித்தமை.

நம் கரையின் கணக்கு

இவையெல்லாம் அமெரிக்கருக்கும் இந்தியருக்கும் உரியவை. கல்முனைக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்டுகின்றோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை; பூரணை நாள். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவின் கரையருகே கடலடி நிலம் பிளந்தது. கால் மணித்தியாலத்துக்குள் ஹவாயிலுள்ள எச்சரிக்கை நிலையத்துக்கு நிலநடுக்கம் தெரிந்துவிட்டது. பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்று அது அறிக்கையும் விடுத்தது. ஆனால் இந்து சமுத்திரத்தின் கரைகளுக்கு அறிவிக்க எந்த அமைப்பும் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த பொழுதில் அலை நம் கரையை அடைந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என அடுத்தடுத்துக் கிடந்த ஊர்கள் கடலோடு போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிரைக் கொடுக்கவில்லை.

அதே வேளையளவில், 1,300 கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தில் ஜேசன் 1 என்னும் செய்மதி வங்காள விரிகுடாவைக் கடந்தது. ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயர்ந்து ஓடிய அவ்வலையை அது செவ்வையாக அளந்தது. அந்த அளவீடு ஆராயப்பட்டு வெளிவர மணித்தியாலங்கள் கடந்தன. விஞ்ஞானிகளுக்கு அது அரிய செல்வம், மாண்டவர்க்குப் பயனில்லை. செய்மதித் தொடர்பை 1945இலேயே எழுத்தில் வகுத்துக் காட்டிய ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இந்நாட்டிலேயே வாழ்ந்தவர். ஹிக்கடுவையிலிருந்த அவருடைய சுழியோடற் பள்ளியையும் அதே அலை அழித்தது. வானத்தில் அறிவு இருந்தது; நாட்டில் அவ்வறிவின் தந்தையருள் ஒருவரே இருந்தார்; அறிவு கரைக்கு வந்து சேரும் வழி மட்டும் இருக்கவில்லை. அவ்வழி அமையாமைக்கு இயற்கை காரணமன்று. எந்தக் கரையில் வாழும் உயிர்களுக்கு எச்சரிக்கை அமைப்பது, எந்தக் கரையை விட்டுவிடுவது என்பதைப் பணமும் அதிகாரமும் தீர்மானித்தன.

அதன் பின்னரே இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு உருவானது. ஐதராபாத்தில் 2007இல் இந்திய நிலையம் இயங்கத் தொடங்கியது. 2009 முதல் இவ்வட்டார நாடுகள் கூடிப் போலி ஆழிப்பேரலை ஒன்றைக் கற்பித்துக்கொண்டு ஒத்திகை நடத்துகின்றன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்நாட்டுக்கு விரைந்தனர். அன்று பேரலை வரவில்லை. “வீணாக ஓடினோம்” என்று சொன்னவர்களும் உண்டு. அது வீணன்று. ஹூஸ்டனில் ஜூலை 5இல் நடந்தது எதுவோ, அதுவே நம் கரையில் அன்று நடந்தது. எந்தத் தெரு அடைபட்டது, எந்த முதியவரை எடுத்துச்செல்ல ஆளில்லை, எந்தப் பாலத்தில் நெரிசல் என்பதை எழுதி வைத்தோமா என்பதே கேள்வி. எழுதாவிடில் நாமும் ‘மீளத் தொடங்கு’ பொத்தானை அமுக்கும் சிறுவரே. கடலிலோ அப்பொத்தான் இல்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

2019 ஏப்ரலில் இலங்கையின் ராவணா 1 செய்மதி விண்ணுக்கு ஏவப்பட்டு, ஜூன் 17இல் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. எடை ஒரு கிலோகிராமைச் சற்றே மிஞ்சியது. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிலையத்தில் பயின்ற தரிந்து தயாரத்னவும் துலானி சாமிக்காவும் அதை ஆக்கினர். அவர்களுள் ஒருவர் பெண் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லவேண்டும். ஏவப்பட்ட சில நாட்களில் உயிர்த்த ஞாயிறுக் கொடுமை நிகழ்ந்தது. அம்மாதத்தில் நம் ஊர் இளைஞரின் கையிலிருந்த கணினியும் தொலைபேசியும் ஐயத்தோடு நோக்கப்பட்டன. ஒரே நாட்டின் ஒரு கை விண்ணைத் தொட்டபோது இன்னொரு கை அச்சத்தில் கட்டுண்டு கிடந்தது. விண்வெளி அறிவு எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய பொதுச்சொத்தாக வேண்டுமாயின், முதலில் எல்லாக் குழந்தைகளும் இந்நாட்டின் குழந்தைகளாக நடத்தப்பட வேண்டும்.

ஆகவே நம் தீர்ப்பு இது. பெரியவர்களின் அச்சத்தில் பாதி நியாயமுண்டு. மாணவனின் வாதத்தில் மறுபாதி நியாயமுண்டு. விளையாட்டைப் பறிக்க வேண்டாம். அதன்மேல் ஒரு கொப்பியை வைப்போம். கலம் நொறுங்கும் ஒவ்வொரு முறையும், என்ன உயரம், என்ன வேகம், எவ்வளவு எரிபொருள், ஏன் நொறுங்கியது என்று மாணவன் எழுதட்டும். ஜிம் ஸ்டோரர் செய்ததுபோல், உயர்தர வகுப்பின் சமன்பாடுகளைக் கொண்டு தானே ஒரு சிறு இறங்கு விளையாட்டை எழுதிப் பார்க்கட்டும். படமே வேண்டுவதில்லை, எண்கள் போதும். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதைத் தாளிலும் பென்சிலிலும் ஆசிரியர் ஆடிக்காட்டலாம். பத்துச் செக்கனுக்கு ஒரு வரி. கூட்டலும் கழித்தலுமே கருவி. வசதி உள்ளவன் வீட்டில் மட்டும் உதிக்கும் நிலவு நமக்கு வேண்டாம்.

அடுத்த நோன்பின் இருபத்தொன்பதாம் மாலையில் வயல்வெளிகளுக்கு மேலே பிறையைத் தேடும்போது, அருகில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்போம்: “சூரியன் மறைந்து எத்தனை நிமிடத்தில் பிறை மறையும்? கணக்கிட்டுச் சொல், பார்க்கலாம்.” அவன் கணக்கிடட்டும், பிறகு கண்ணால் பார்த்துத் தன் கணக்கைத் தானே சரிபார்க்கட்டும். தவறினால் ஏன் தவறியது என்று எழுதட்டும். திரையிலிருக்கும் நிலவிலிருந்து மெய் நிலவுக்குப் போகும் வழி அங்கிருந்தே தொடங்குகின்றது.